ஐந்தாம் வரிசை இருமல்

உங்கள் அறை மின்விசிறி நாலு சுற்றுக்கு ஒரு தரம் 'டிக்' என்கிறது, டாக்டரம்மா. மேலே கூரையோடு ஒட்டிக் கிண்ணம்போல ஒரு மூடி இருக்கிறதே, அதில் ஒரு திருகு தளர்ந்திருக்கும். பெரிய வேலையில்லை. இத்தனை நாள் உங்களுக்கு அது கேட்டிருக்காது. நான் சொல்லிவிட்டேன், இனிமேல் கேட்டுக்கொண்டேதான் இருக்கும். மன்னிக்க வேண்டும்.

என் மனைவி விஷயத்தை ஆரம்பத்திலிருந்து, எதையும் விடாமல் சொல்லச் சொன்னீர்கள். இன்று அவளை வீட்டுக்கு அனுப்புவதா, இன்னும் இங்கேயே வைத்துக்கொள்வதா என்று நீங்கள் அந்தத் தாளில் எழுதியாக வேண்டும். மூன்று மாதத்துக்கு முன் இங்கே சேர்த்தபோது, "நான் வாசிக்கறப்ப என் காதுக்குள்ள இருமறது என் வீட்டுக்காரர்தான்" என்று உங்களிடம் சொன்னாள். எழுதிக்கொண்டீர்கள். போன வாரம், "யாரும் இருமல டாக்டர், எனக்குத்தான் அப்படித் தோணியிருக்கு" என்று சொன்னாளாம். அதையும் எழுதிக்கொண்டு, நல்ல முன்னேற்றம் என்றீர்கள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. அதனால்தான் வந்தேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் கதை விடுகிறவன் என்று பெயர் எடுத்தவன். நீங்களே முதல் நாள் சிரித்தீர்கள். ஒரு பாடகரின் தும்மல் ஒயருக்குள் சிக்கிக்கொண்டு, மூன்று நாள் கழித்து ஓர் இரங்கல் கூட்டத்தில் ஸ்பீக்கர் வழியாக வெளியே வந்ததையும், இறந்துபோனவர்தான் தும்மினார் என்று அவர் சம்சாரம் எழுந்து நின்றதையும் சொன்னேனே, அதற்குத்தான். நான் எதையும் சிரிக்காமல் சொல்வேன். அதனாலேயே யாரும் நம்புவதில்லை. சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தால் பாதிப் பேராவது நம்பியிருப்பார்கள்.

முப்பத்தெட்டு வருடம் ஒரே அரங்கத்தில் ஒலி பார்த்தேன். இருநூற்று நாற்பது நாற்காலி. கச்சேரி, நாடகம், பரிசளிப்பு, சங்கத் தேர்தல், எல்லாம் அங்கேதான். கடைசி வரிசைக்குப் பின்னால் மூன்று படி ஏறினால் என் மிக்ஸர் இருக்கும். ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு கட்டை. மேலே தள்ளினால் சத்தம் ஏறும், கீழே இழுத்தால் இறங்கும். அவ்வளவுதான் தொழில். ஒலிக்காரன் ஒழுங்காக வேலை செய்தால் அவன் இருப்பதே யாருக்கும் தெரியாது. எங்காவது கரகரத்தால் மட்டும் இருநூற்று நாற்பது தலையும் ஒன்றாகத் திரும்பி அவனைப் பார்க்கும். எனக்கு அப்படி நான்கு தடவை நடந்திருக்கிறது. நான்கையும் தேதியோடு சொல்வேன். ஓய்வு வயது தாண்டியும் மேனேஜர் என்னை விடவில்லை. அந்த அரங்கத்தின் ஒயர் எது எங்கே போகிறது என்று என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரியாதபடி பார்த்துக்கொண்டேன்.

என் மனைவி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவள். காதிலேயே வாழ்ந்தவள். யார் 'ஹலோ' என்றாலும், அவர் நின்றுகொண்டு பேசுகிறாரா உட்கார்ந்துகொண்டு பேசுகிறாரா என்று சொல்லிவிடுவாள். ஐம்பத்தேழு வயதில் வேலையை விட்டுவிட்டு, யாரோ விற்ற ஒரு பழைய லேப்டாப்பை வாங்கிக்கொண்டு வந்தாள். இசை பண்ணப்போகிறேன் என்றாள். நான் சிரிக்கவில்லை, சொன்னேனே, சிரிப்பது என் வழக்கமில்லை. இரண்டு மாதம் வீட்டில் தண்ணீர்க் குழாய், தையல் மெஷின், அலமாரிக் கதவு என்று ஒன்று விடாமல் பதிவுசெய்தாள். என் குறட்டையை எடுத்து அதை ஒரு கூட்ஸ் ரயிலாக மாற்றி, அந்த ரயில் ஒரு பாலத்தின்மேல் போவதுபோலச் செய்து எனக்கே போட்டுக் காட்டினாள். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் சங்கடம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குப் பேச வேண்டிய ஒருவர் வரவில்லை. மேனேஜர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். இவள், "நான் வேணா ஏறட்டுமா?" என்றாள். ஏறினாள். அதிலிருந்து மாதம் ஒரு ஞாயிறு அவளுக்கு என்று ஆகிவிட்டது. 'லேப்டாப் அக்கா' என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

அவள் முறை இதுதான். லேப்டாப்பில் எதுவும் தயாராக இருக்காது. சபையைப் பார்த்து, "என் கைல ஒண்ணும் இல்ல. யாராவது ஒரு சத்தம் குடுங்க" என்பாள். ஒருவர் சாவிக்கொத்தை ஆட்டுவார். இன்னொருவர் பாட்டில் மூடியைத் திருகுவார். அதை மைக்கில் பிடித்து, அந்த நிமிடமே நறுக்கி, நீட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இருபது நிமிடம் எங்கோ கொண்டுபோவாள். எங்கே என்று அவளுக்கே தெரியாது. "தெரிஞ்சா அப்புறம் எதுக்குப் போகணும்?" என்பாள். கிளம்பும்போதே போய்ச் சேரும் இடம் தெரியாத பிரயாணத்துக்கு அவ்வளவு பேர் வந்து உட்கார்ந்திருந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

இந்த லேப்டாப் வித்தையில் ஒரு சமாசாரம் உண்டு, நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். வயலின் வாசிக்கிறவர் வில்லை நிறுத்திய பிறகும் சத்தம் வந்தால் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். லேப்டாப்பில் அப்படியில்லை. திரைக்குப் பின்னால் ஒரு முகம், கீழே இரண்டு கை. அவள் இசை செய்கிறாளா, தங்கைக்குக் கடிதம் எழுதுகிறாளா, யாருக்கும் தெரியாது. எதிரே இருப்பவர்கள் நம்ப வேண்டும். நம்பினார்கள்.

மேடை ஸ்பீக்கர் சத்தம் அவள் மைக்குக்குள் திரும்பிப் போய்க் கீச்சிட்டதால், காதை மூடும் பெரிய ஹெட்போன் கொடுத்தேன். போட்டுப் பார்த்துவிட்டு, "என் சத்தம் மட்டும் கேட்டாப் போதாதுங்க. அவங்க மூச்சும் கேட்கணும். எங்க அசையறாங்க, எங்க அசையாம இருக்காங்கன்னு தெரிஞ்சாத்தான் அடுத்தது எங்க போறதுன்னு எனக்குத் தெரியும்" என்றாள். நாற்காலிகளுக்கு மேலே ஒரு மைக்கைத் தொங்கவிட்டு, சபையின் சத்தத்தையும் அவள் காதுக்கு அனுப்பினேன். மேடை விளக்கு கண்ணில் அடிப்பதால் அவளுக்கு மனிதர்கள் யாரும் தெரிய மாட்டார்கள். ஆக, எதிரே உலகம் இருக்கிறதா இல்லையா என்பதே நான் கொடுப்பதுதான். அப்போது எனக்கு அது தோன்றவில்லை. அப்போது நான் நல்லவன்.

பிறகு அந்த ஒன்பது விநாடி வந்தது. நன்றாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் லேப்டாப் அப்படியே நின்றுவிட்டது. அரங்கம் முழுக்க மௌனம். ஒலிக்காரனுக்கு ஒன்பது விநாடி மௌனம் என்றால் என்னவென்று எப்படிச் சொல்வது? உங்கள் தொழிலில் நாடி நிற்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அவள் என்ன செய்தாள் தெரியுமா? சிரித்தாள். லேப்டாப் மூடியின்மேல் விரலால் தாளம் போட்டாள். சபை கூடச் சேர்ந்து தட்டியது. லேப்டாப் உயிர் பெற்றதும் அந்தத் தட்டலையே பிடித்துக்கொண்டு மேலே போனாள். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். விழுந்ததற்குக் கைதட்டு, டாக்டரம்மா. முப்பத்தெட்டு வருடம் நான் விழாமல் நின்றதற்கு ஒரு விரல் அசைந்ததில்லை.

முடிந்ததும் கேன்டீனில் பத்துப் பதினைந்து பேர் அவளைச் சுற்றி நின்றார்கள். நான் தேநீர் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

"பயந்துட்டீங்களா?" என்றாள்.

"இல்லையே."

"பொய். உங்க மூச்சு நின்னது எனக்கு ஹெட்போன்ல கேட்டுச்சு." பிறகு எல்லாரையும் பார்த்து, "இவருக்கு எதுவும் நடக்கக் கூடாது. நடக்காம பாத்துக்கறதுக்குத்தான் சம்பளம். கல்யாணம் ஆகி நாப்பது வருஷம் ஆகப்போகுது, இன்னும் ஒண்ணும் நடக்கல" என்றாள்.

கேன்டீன் அம்மா சிரித்த சிரிப்பில் கையில் இருந்த டம்ளர் கீழே விழுந்தது. மேனேஜர், "சவுண்டு அண்ணே, அக்கா மைக் இல்லாமலே உங்கள வாரிட்டாங்களே" என்றார். நானும் சிரித்தேன். அதுதான் நான் பொதுவில் சிரித்த ஒரே தடவை. வேடிக்கையாகச் சொன்னாள், அவ்வளவுதான். அவளுக்கு அடுத்த நாளே மறந்துவிட்டது.

அடுத்த மாதம், அவள் மறுபடி ஆபத்தான ஓர் இடத்துக்குப் போனாள். எல்லாச் சத்தத்தையும் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, ஒரே ஒரு கீற்றுச் சத்தத்தில் தொங்கிக்கொண்டிருந்தாள். அவள் பழைய நிகழ்ச்சிகள் எல்லாவற்றையும் நான் பதிவுசெய்து வைத்திருந்தேன். எல்லாம் கைக்கு எட்டும்படி பக்கத்திலேயே இருந்தன. அவள் கட்டையைக் கீழே இழுத்தேன், பதிவின் கட்டையை மேலே தள்ளினேன். அவள் எப்போதும் தன் நடையின் வேகத்திலேயே தாளம் வைப்பாள், அதனால் தையல் தெரியவில்லை. சபை பழையதைக் கேட்டது. அவள் தன்னுடையதைத்தான் ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தாள். தொங்கும் மைக்கை அவள் காதிலிருந்து எடுத்துவிட்டு, கைதட்டு வரும்வரை ஒரு பழைய சபையின் மூச்சுச் சத்தத்தை விட்டிருந்தேன். முடிவில் இரண்டும் ஓய்ந்தன, கைதட்டினார்கள், அவள் வணங்கினாள். அக்கறையில் செய்தேன். மனைவி மேடையில் நின்று அவமானப்படுவதை எந்தக் கணவன் பார்த்துக்கொண்டிருப்பான்?

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. ஒரு நொடி பிசகியிருந்தால் எல்லாத் தலையும் திரும்பியிருக்கும். சாவிக்கொத்துக்குச் சாவிக்கொத்து, பாட்டில் மூடிக்குப் பாட்டில் மூடி என்று, அன்று சபை கொடுத்த சத்தத்துக்குத் தகுந்த பழைய பதிவை நான் அந்தக் கணத்தில் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒத்திகை கிடையாது. எது வரும் என்று தெரியாது. வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு ஏதோ நடந்துகொண்டிருந்தது.

அதன்பின் எல்லா மாதமும் செய்தேன். முதல் நான்கு நிமிடம் அவளுடையதை விடுவேன், பிறகு மாற்றிவிடுவேன். இரண்டு வருடம். அவள் புதிதாகச் செய்த எதையும் யாரும் கேட்கவில்லை. அவள் தினமும் வீட்டில் ஆறு மணிநேரம் உட்கார்ந்து பழகுவாள். நான் காய் நறுக்கிக் கொடுப்பேன்.

இருமல் பிறகு வந்தது.

ஒருநாள் அவள் மிகவும் சந்தோஷமாக இருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு, தலையை லேசாக ஆட்டிக்கொண்டு வாசித்தாள். சபையோ போன வருடத்துச் சங்கதியைக் கேட்டுக்கொண்டிருந்தது. இவள் மட்டும் இப்படித் தனியாகச் சந்தோஷமாக இருப்பது எனக்கு என்னவோபோல் இருந்தது. என் பக்கத்தில் சின்னதாக ஒரு கருவி உண்டு, பன்னிரண்டு பொத்தான். நிகழ்ச்சி தொடங்கும் மணியை அதிலிருந்துதான் அடிப்போம். மணி பன்னிரண்டாவதில் இருந்தது, மீதிப் பதினொன்றும் காலி. முன்பு ஏதோ ஒரு கூட்டத்தில் பதிவான ஓர் இருமலை ஒன்றாம் பொத்தானில் ஏற்றி, அவள் காதுக்கு மட்டும் அனுப்பினேன். ஒரே ஒரு இருமல்.

கண்ணைத் திறந்துவிட்டாள். உடனே இசையை மெதுவாக்கி, அந்த இருமியவரைச் சமாதானப்படுத்துவதுபோல ஒரு வளைவு வளைந்தாள். அழகான வளைவு. இன்னொன்று அனுப்பினேன். வேறு பக்கம் திரும்பினாள். ஒரு நாற்காலி நகரும் சத்தம் கொடுத்தேன், பதறி வேகமானாள். எனக்கு எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது, டாக்டரம்மா. சின்ன வயதில் கற்றுக்கொள்ள ஆசை இருந்தது, வீட்டில் விடவில்லை. அறுபத்தைந்து வயதில் எனக்கு ஒரு வாத்தியம் கிடைத்தது. எங்கே தொட்டால் எப்படிப் பேசும் என்று இரண்டு மூன்று மாதத்தில் விரலுக்குப் பிடிபட்டுவிட்டது.

பழைய கூட்டத்து இருமல்கள் தரமாக இல்லை. அதனால் அரங்கத்தைக் கழுவிவிடும் ஒரு செவ்வாய்க்கிழமை, யாரும் இல்லாதபோது, நானே பதினோரு நாற்காலியில் உட்கார்ந்து பதினோரு விதமாக இருமி, மேலே தொங்கிய மைக்கிலேயே பதிவுசெய்தேன். இரண்டாம் வரிசையில் தொண்டை கரகரக்கும் ஒரு பெண்மணி. ஏழாம் வரிசையில் ஆஸ்துமாக்காரர். ஒன்பதில், கைக்குட்டைக்குள் அடக்கி அடக்கி இருமும் ஓர் அரசாங்க அதிகாரி. பலகுரலில் நான் கெட்டிக்காரன். பத்துப் பேரைச் செய்து முடித்தபோது களைத்துப்போனேன். பதினோராவது, ஐந்தாம் வரிசை ஓரத்து நாற்காலி. அதில் உட்கார்ந்து என் சொந்த இருமலையே இருமிவிட்டு எழுந்துவிட்டேன். வீட்டுக்குள் நுழையும்முன் வாசலில் நான் வழக்கமாகச் செய்வது: இரண்டு குட்டி இருமல், பிறகு ஒரு கனைப்பு. சோம்பல்தான். ஒரு கலைஞன் செய்யக் கூடாத சோம்பல்.

அவள் மற்றவர்களிடம் கேட்க ஆரம்பித்தாள். கேன்டீன் அம்மாவிடம், "இன்னைக்கு உள்ள யாருக்கோ உடம்பு சரியில்ல போல, ஒரே இருமல்" என்றாள்.

"யாரும் இருமலையேக்கா. ஊசி விழுந்தாக் கேட்கும், அப்படி உட்காந்திருந்தாங்க."

மேனேஜரிடம் கேட்டாள். அவரும் அதையே சொன்னார். கைதட்டு வழக்கம்போல வந்தது. அவளுக்கு அது புரியவில்லை. "வாசிக்கறப்ப இருமறாங்க, எழுந்து போறாங்க, கதவு சாத்தற சத்தம் கேட்குது. முடிஞ்சதும் ஏன் இப்படித் தட்டறாங்க? பாவம் பாத்துத் தட்டறாங்களா?" என்று என்னிடம் கேட்டாள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "எனக்கு எதுவும் கேட்கலையே. காதைக் காட்டலாமா?" என்றேன்.

காது டாக்டரிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துப் பரிசோதித்துவிட்டு, "இருபது வயசுப் பொண்ணு காது மாதிரி இருக்கும்மா" என்று பாராட்டினார். வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டாள். காது பழுது என்று அவர் சொல்லியிருந்தால் மகிழ்ந்திருப்பாள். காது சரி என்றால் வேறு என்ன பழுது? அதை அவளே யோசித்துக்கொள்ளட்டும் என்று நான் ஆட்டோ பிடிக்கப் போனேன்.

அதற்குப் பிறகு அவள் தூங்குவது குறைந்துவிட்டது. ஆனால் மேடையை விடவில்லை. விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன், சத்தியமாக. எழுந்து போவதுபோல் தன் காதுக்குக் கேட்டவர்களை எப்படியாவது உட்காரவைக்க வேண்டும் என்று, மாதத்துக்கு மாதம் இன்னும் ஆழமாக, இன்னும் துணிச்சலாகப் போனாள். அவளை அந்த உயரத்துக்குத் தள்ளியது யார் என்று யோசித்துப் பாருங்கள். நல்ல சபை அவளைச் சுகவாசி ஆக்கியிருக்கும்.

கடைசி நிகழ்ச்சி. அதே ஞாயிறு, அதே பதினோரு மணி. யாரோ ஒருவர் பாட்டில் மூடியைத் திருகினார். நான்கு நிமிடம் கழித்து, மூன்று வருடத்துக்கு முந்தைய பாட்டில் மூடியைச் சபைக்கு விட்டுவிட்டு, அவளை என் ஹெட்போனில் கேட்டேன். பதினோரு பேரையும் ஒவ்வொருவராக உள்ளே அனுப்பினேன்.

அன்று அவள் எதற்கும் வளையவில்லை. ஆஸ்துமாக்காரரைக் கண்டுகொள்ளவே இல்லை. அதிகாரியை அலட்சியம் செய்தாள். ஐந்தாம் வரிசை இருமியதும் மட்டும் விரலை நிறுத்தினாள். இரண்டு குட்டி இருமல், ஒரு கனைப்பு. மறுபடி வாசித்தாள். சற்று நேரத்தில் அதே நீளத்துக்கு ஓர் இடைவெளி விட்டாள். சரியாக அதே நீளம். காலியாக, தட்டில் வைத்து நீட்டுவதுபோல நீட்டினாள். என் விரல் தானாகப் போய் ஐந்தாம் வரிசைப் பொத்தானை அழுத்தியது. தாளத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. மறுபடி இடைவெளி விட்டாள். மறுபடி அழுத்தினேன். இப்படி எட்டுத் தடவை நாங்கள் சேர்ந்து வாசித்தோம். எங்கள் கல்யாணத்தில் அந்த அளவுக்கு ஒத்துப்போனதாக எனக்கு வேறு ஞாபகம் இல்லை.

ஒன்பதாவது இடைவெளியில் நான் அழுத்தவில்லை. அவள் தலையைத் தூக்கி, கண் கூசும் விளக்குக்கு நேராக, நான் இருக்கும் திசையைப் பார்த்தாள். லேப்டாப்பிலிருந்து இரண்டு கையையும் மேலே எடுத்தாள். பிறகு ஹெட்போனைக் கழற்றினாள்.

அரங்கத்தில் இசை போய்க்கொண்டே இருந்தது.

இரண்டு கையும் அந்தரத்தில், இசை தன் போக்கில். சபைக்கு அது ஏதோ புது வித்தை. ஆரவாரமாகக் கைதட்டினார்கள். அவள் மைக்கிடம் குனிந்தாள். "இது நான் இல்ல. இது எப்பவோ வாசிச்சது. நான் இப்ப வாசிச்சது இது இல்ல" என்றாள். சிலர் சிரித்தார்கள். "என் காதுல இருமறது அவர்தான். அஞ்சாவது வரிசை. அங்க யாரும் இருமல, அவர்தான்" என்றாள். ஐந்தாம் வரிசையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரிப்பு நின்றுவிட்டது.

சட்டென்று நிறுத்தினால் அசிங்கமாக இருக்கும். நான்கு விநாடி எடுத்துக்கொண்டு மெதுவாகக் கட்டையை இறக்கினேன். மேடைக்குப் போய் அவள் தோளில் கைவைத்து, "கொஞ்ச நாளா உடம்பு சரியில்ல. மன்னிச்சிக்கோங்க" என்று சபையிடம் சொன்னேன். முன்வரிசையில் ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த ஹெட்போனை யாராவது போட்டுப் பாருங்க. யாராவது ஒருத்தர் போட்டுப் பாருங்களேன்" என்று கெஞ்சினாள். மேனேஜர் போட்டுப் பார்த்தார். படி இறங்குவதற்கு முன்பே நான் எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிட்டுத்தான் வந்தேன். "ஒண்ணும் இல்லையேக்கா. ஜனங்க பேசறதுதான் கேட்குது" என்று சொல்லிவிட்டு அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அன்றைய நிகழ்ச்சியின் பதிவு என்று உங்களிடம் கொடுத்தேனே, அது சபை கேட்டது. உங்களுக்குத் தெரிந்த இசைக்காரர் ஒருவரைக் கேட்கவைத்தீர்கள். சந்தேகமே இல்லை, இது அந்த அம்மாவின் கை என்றார். உண்மைதானே. அவள் கைதான். தன் இசையைத் தானே தன்னுடையது இல்லை என்று சொல்கிற பெண்மணியை நீங்கள்தான் வேறு என்ன செய்வீர்கள்? உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

அவள் உண்மையில் வாசித்த இருபத்திரண்டு நிமிடம் என்னிடம் தனியாக இருந்தது. அவளை இங்கே விட்டுவிட்டுப் போன அன்று மாலை, வீட்டில் உட்கார்ந்து ஒரு தடவை கேட்டேன். நான் அந்த அரங்கத்தில் கேட்ட எதுவும் அதன் பக்கத்தில் நிற்காது. நானும் அதில் எட்டு இடத்தில் இருக்கிறேன். பிறகு அழித்துவிட்டேன். வைத்திருந்தால் யார் கையிலாவது சிக்கி, அவள் பெயர் கெட்டுப்போகும்.

இதையெல்லாம் ஏன் இப்போது சொல்கிறேன் என்று கேட்கிறீர்கள். மனசாட்சி என்று சொன்னால் உங்களுக்குப் பிடிக்கும். ஆனால் விஷயம் அதுவல்ல. உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் என் வாசிப்பு தெரியும். அத்தனை மாதம், ஒத்திகை இல்லாமல், ஒரு பிசகு இல்லாமல் நான் செய்ததைக் கேட்டவள் அவள் ஒருத்திதான். அவளும் போன வாரம் "யாரும் இருமல" என்று சொல்லிவிட்டாளாம். வீட்டுக்கு வர வேண்டும் என்பதற்காகச் சொல்லியிருப்பாள். அது எனக்குத் தெரியும். இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

பேனாவை மூடி வைத்துவிட்டீர்கள்.

சிரிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, சிரியுங்கள். தும்மல் கதைக்கும் இப்படித்தான் சிரித்தீர்கள். "சார், அவங்க மேல இருக்கற பாசத்துல பழியை நீங்க தூக்கிப் போட்டுக்கறீங்க. எனக்குப் புரியுது" என்கிறீர்கள். புரிவது நல்லதுதான். நான் இரண்டு தடவை, உண்மையாகவே நடந்தது என்றேன். அதற்கு மேல் வற்புறுத்துவது படித்தவர்களிடம் மரியாதையாக இருக்காது.

"ஆனா வீட்டுக்குப் போய் இதை அவங்ககிட்ட சொன்னீங்கன்னா எல்லாம் பழையபடி ஆயிடும். இப்பதான் தெளிஞ்சு வர்றாங்க. இன்னும் மூணு மாசம் இங்கேயே இருக்கட்டும்."

நீங்கள் இப்படித்தான் சொல்வீர்கள் என்று வரும்போதே நினைத்தேன். எழுதுங்கள். உங்களுக்குத் தெரியாததா? அவள் நன்மைக்குத்தானே. நாற்பது வருடத்தில் அவளை ஒரு தடவை அதட்டியதில்லை, கை நீட்டியதில்லை. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

பாருங்கள், மேலே பார்க்கிறீர்கள். கேட்கிறதல்லவா? நாலு சுற்றுக்கு ஒன்று.

மணி நாலாகப்போகிறது, பார்வை நேரம். அவளுக்குப் பிடித்த பிஸ்கட் கொண்டுவந்திருக்கிறேன். தினமும் வருகிறேன், ஒருநாள் தவறியதில்லை. உங்கள் நர்ஸே சொல்வார். உள்ளே போகும்முன் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று வழக்கம்போல ஒரு தடவை இருமுவேன். அந்தச் சத்தம் கேட்டதும் என்ன செய்துகொண்டிருந்தாலும் விட்டுவிட்டு, இரண்டு கையையும் அந்தரத்தில் தூக்கிக்கொள்கிறாள் என்றார் நர்ஸ். ஏதோ வாசிக்கிற ஞாபகம்போல் இருக்கிறது. இருந்தாலும் சொல்லாமல் கொள்ளாமல் திடீரென்று போய் நின்றால் பயந்துவிடுவாள், பாருங்கள். அவள் பயப்படுவதை மட்டும் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.